மார்கரெட் ரிவரில் கையில் ஒரே நாள்: வடக்கே போவதா, நடுவில் நிற்பதா, தெற்கே இறங்குவதா?

பெர்த்தில் எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்து இறங்கினாலும், அலுப்பு தீர்ந்த மூன்றாம் நாள் காலையில், காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். "மார்கரெட் ரிவர்னு ஒண்ணு இருக்காமே, ஒரு நாள்ல போயிட்டு வந்துடலாமா?" ஆரம்பத்தில் நானும் "ஓ, தாராளமா" என்று வண்டிச் சாவியை எடுத்தவன்தான். இப்போதெல்லாம் திருப்பி மூன்று கேள்வி கேட்கிறேன்: வண்டி ஓட்டப் போவது யார், ஒயின் குடிக்கப் போவது யார், முழங்கால் வலி யாருக்கு? இதற்குப் பதில் வந்துவிட்டால் எங்கே போகலாம் என்பது பாதி முடிவாகிவிடும்.

முதலில் இடத்தைக் கொஞ்சம் மனதில் வரைந்துகொள்ளுங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் நிலம் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. மூக்கின் வடமுனை கேப் நேச்சுரலிஸ்ட், தென்முனை கேப் லூவின். இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் இருக்கும், முதுகெலும்பு மாதிரி ஒரு சுண்ணாம்புக்கல் மேடு ஓடுகிறது. மேட்டுக்கு மேற்கே இந்தியப் பெருங்கடலின் முரட்டு அலை, அடியில் நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள், கிழக்கே திராட்சைத் தோட்டங்கள். இதையெல்லாம் கோர்த்துக்கொண்டு போகிற சாலைக்கு கேவ்ஸ் ரோடு என்று பெயர். மார்கரெட் ரிவர் என்ற ஊர் நடுவில் இருக்கிறது, ஆனால் கடலோரத்தில் இல்லை, கடல் அங்கிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி. இது தெரியாமல் ஊருக்குள் ரூம் போட்டுவிட்டு "பால்கனியிலிருந்து கடல் தெரியுமா" என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும்.

பெயர்களைப் பார்த்தால் பாதி ஊர் 'அப்' என்று முடியும். யாலிங்கப், மீலப், கவரமப், பொரானப். இந்த மண்ணின் மக்களான நூங்கார்களின் மொழியில் 'அப்' என்றால் இடம் என்று பொருள், நாம் பட்டி, பாக்கம் என்று முடிப்பதுபோல. அவர்களில் இந்தப் பகுதிக்காரர்கள் வதாண்டி மக்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பெர்த்திலிருந்து காலையில் கிளம்பி இரவே திரும்புவது. இது முடியாதது அல்ல, முட்டாள்தனமானது, அவ்வளவுதான். மார்கரெட் ரிவர் ஊருக்கே 270 கிலோமீட்டர் சொச்சம், மூன்று மணி நேரம். தென்முனையில் இருக்கிற அகஸ்டா வரை போனால் போக வர 640 கிலோமீட்டர். ரோடு நன்றாகத்தான் இருக்கும், முதல் பாதி முழுக்க ஃப்ரீவேயும் நெடுஞ்சாலையும்தான், பிரச்சினை திரும்பும்போதுதான் வரும். சூரியன் சாயும் நேரத்தில் கங்காருக்கள் மேயக் கிளம்பும், ரோட்டோரத்தில் நிற்பது எந்த நிமிடம் குறுக்கே பாயும் என்று அதற்கே தெரியாது. ஒருமுறை மாமாவையும் அத்தையையும் இப்படி ஒரே நாளில் கூட்டிக்கொண்டு போய், ஒரு குகை, ஒரு ஜெட்டி (கடலுக்குள் நீட்டிக் கட்டிய கப்பல்துறைப் பாலம்), ஒரு சாக்லேட் கடை, மூன்று பெட்ரோல் பங்க் கழிப்பறை பார்த்துவிட்டு இரவு பதினொன்றுக்கு வீடு வந்து சேர்ந்தோம். மாமா மறுநாள் சென்னைக்குப் போன் போட்டு "நல்ல ரோடு" என்று சொன்னார். வேறு எதுவும் அவர் ஞாபகத்தில் நிற்கவில்லை.

ஒரு நாள் பஸ் டூர்களும் உண்டு. ஓட்ட ஆள் இல்லாதவர்களுக்கு அதுதான் வழி, குறை சொல்லவில்லை. ஆனால் நான் ஒருமுறை போன பஸ்ஸில் ஏழு இடத்துக்கு நிறுத்தம், ஒவ்வொன்றிலும் நாற்பது நிமிடம், அதில் பத்து நிமிடம் ஆள் எண்ணுவதிலேயே போய்விட்டது. பட்டியலில் எத்தனை இடம் இருக்கிறது என்று பார்க்காதீர்கள், எத்தனை குறைவாக இருக்கிறது என்று பார்த்து டிக்கெட் எடுங்கள்.

உங்களுக்கு வேண்டியது ஒயின் மட்டும்தான், கடலும் குகையும் இரண்டாம் பட்சம் என்றால் மார்கரெட் ரிவருக்கே போக வேண்டாம். பெர்த் நகரத்திலிருந்து அரை மணி நேரத்தில் ஸ்வான் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே 1830களிலிருந்தே திராட்சை போடுகிறார்கள். மார்கரெட் ரிவர் பெயர் போட்ட அதே சாக்லேட் கம்பெனிக்கு அங்கேயும் கடை உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு மாலை காப்பிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். கடல் கிடையாது, அதை மறக்கக் கூடாது.

ஆக, குறைந்தது ஒரு இரவாவது அங்கே தங்குகிறீர்கள், சுற்றிப் பார்க்கக் கையில் ஒரு முழு நாள் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே பேசுகிறேன். மூன்று திசை, மூன்று விதமான நாள்.

வடக்கு என்றால் பஸ்ஸல்டன், டன்ஸ்பரோ, கேப் நேச்சுரலிஸ்ட், யாலிங்கப். பெர்த்திலிருந்து வரும்போது முதலில் எதிர்ப்படுவது இதுதான், பஸ்ஸல்டனுக்கு 220 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடலாம். சின்னக் குழந்தைகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், வடக்குதான். காரணம் கடல். மூக்கின் மேற்குப் பக்கம் முழுக்கத் திறந்த பெருங்கடல், அலை சறுக்குபவர்கள் உலகம் முழுவதிலுமிருந்து அதற்காகவே வருகிறார்கள், நமக்குக் கரையில் நின்று பார்க்கத்தான் அது சரி. ஜியோகிராஃப் விரிகுடா அப்படியில்லை, வடக்கே பார்த்துத் திரும்பியிருக்கிறது, பெருங்கடலின் வேகத்தையெல்லாம் அந்த முனை தடுத்துவிடும், அதனால் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். மீலப் கடற்கரையில் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பாட்டியும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை நிற்கலாம், பயமில்லை.

பஸ்ஸல்டன் ஜெட்டி 1,841 மீட்டர் நீளம், மரத்தூண்களின் மேல் நிற்கிற ஜெட்டிகளில் தெற்கு அரைக்கோளத்திலேயே நீளமானது என்று சொல்கிறார்கள். இவ்வளவு நீளம் பெருமைக்காக இல்லை. விரிகுடா ஆழமில்லாதது, கப்பல் கரைக்குக் கிட்ட வர முடியாது, அதனால் 1865இல் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் நீட்டிக்கொண்டே போனார்கள். 1970களில் கப்பல் வருவது நின்றுபோய், 1978இல் ஆல்பி புயல் ஒரு பகுதியைப் பிய்த்துக்கொண்டு போய், இடித்துவிடலாமா என்கிற பேச்சுக்கூட எழுந்து, ஊர்க்காரர்கள் விடாப்பிடியாக நின்று காப்பாற்றியது இது. இப்போது மேலே ஒரு சின்ன ரயில் ஓடுகிறது. கோடியில் படியிறங்கிக் கடலுக்கு அடியில் 8 மீட்டர் ஆழத்துக்குப் போனால் கண்ணாடி ஜன்னல் வழியாகத் தூண்களைப் பார்க்கலாம். தூணில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள், தூண் முழுக்கப் பவளம், கடற்பஞ்சு, மீன் கூட்டம். இவ்வளவு தெற்கே, குளிர்ந்த கடலாக இருக்க வேண்டிய இடத்தில் பவளம் எப்படி என்றால், லூவின் நீரோட்டம் என்று ஒன்று வடக்கிலிருந்து வெந்நீர் கொண்டுவருகிறது. காற்று பலமாக அடித்தால் ரயிலையும் கீழே இறங்குவதையும் நிறுத்திவிடுவார்கள், அதனால் முதல் நாளே பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். ஒரு பக்கமாவது நடந்து வாருங்கள், ரயிலில் போவதைவிட அதுதான் நன்றாக இருக்கும்.

கேப் நேச்சுரலிஸ்ட் கலங்கரை விளக்கம் குள்ளமானது, 20 மீட்டர்தான். அதற்காகப் போகாதீர்கள், செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை திமிங்கிலம் பார்க்கப் போங்கள், குட்டியோடு தெற்கே திரும்புகிற கூட்டம் இந்த விரிகுடாவில் ஓய்வெடுக்கும், கரையிலிருந்தே தெரியும். கனால் ராக்ஸ், சுகர்லோஃப் ராக் இரண்டும் போட்டோவுக்கு. பத்துப் பத்து நிமிடம் போதும். டன்ஸ்பரோ பக்கம் அறுபது வகை ஐஸ்கிரீம் விற்கிற கடை ஒன்று உண்டு, பிள்ளைகளுக்கு அதைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், வழி நெடுக அதே பாட்டுத்தான். நவம்பர் கடைசியில் மட்டும் டன்ஸ்பரோவில் ரூம் போடாதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் மொத்தமாக வந்து இறங்கிக் கூத்தடிக்கிற வாரம் அது.

சொல்ல மறந்துவிட்டேன், பஸ்ஸல்டன் கடற்கரைப் பூங்காவில் இலவசமாகப் பார்பெக்யூ அடுப்பு வைத்திருக்கிறார்கள், பொத்தானை அழுத்தினால் இரும்புத் தட்டு சூடாகும். அதைப் பார்த்த மாத்திரத்தில் என் அத்தைக்குத் தோன்றியது தோசைக்கல். அடுத்த முறை மாவோடு வந்தார். எங்களுக்கு முன்னால் அதில் என்ன வாட்டினார்களோ என்று சைவக்காரர்களுக்குச் சங்கடம் இருக்கும், கையோடு ஒரு தவா கொண்டுபோய் அதன் மேல் வைத்துவிட்டால் தீர்ந்தது.

அடுத்தது நடு. ஒயின் நாள் என்று வையுங்கள்.

நம்மூர் ஒயின்ஷாப்பில் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும், அந்தப் பழக்கத்தில் வருகிறவர்களுக்கு இங்கே கொஞ்சம் குழப்பமாக இருக்கும். தோட்டத்திலேயே ஒரு கூடம், அதற்குச் செல்லர் டோர் என்று பெயர், மேஜைக்கு இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் ஊற்றுகிறவர், ஐந்தாறு வகை, ஒவ்வொன்றிலும் ஒரு மடக்கு. பிடிக்காவிட்டால் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், துப்புவது அநாகரிகம் இல்லை. பல இடங்களில் இப்போது காசு வாங்குகிறார்கள், பாட்டில் வாங்கினால் கழித்துக்கொள்கிற இடங்களும் உண்டு.

கதை தெரிந்தால் இந்த நாள் சுவைக்கும். ஐம்பது, அறுபது வருடத்துக்கு முன்பு இது மாட்டுப் பண்ணையும் மரம் வெட்டும் தொழிலுமாக இருந்த ஏழைப் பிரதேசம். 1960களின் நடுவில் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்கிற விவசாய விஞ்ஞானி இந்த மண்ணும் மழையும் வெயிலும் பிரான்சின் போர்டோ என்கிற ஒயின் பகுதிக்கு ஒப்பானது, திராட்சை போடலாம் என்று எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு டாம் கல்லிட்டி என்கிற பெர்த் இதய மருத்துவர் 1967இல் வாஸ் ஃபெலிக்ஸ் தோட்டத்தைத் தொடங்கினார். பின்னாலேயே இன்னும் சில டாக்டர்கள் வந்தார்கள். ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு வார இறுதியில் மண்வெட்டி பிடித்த ஆட்கள். முதல் அறுவடையைக் குருவி தின்றுவிட்டது. வெள்ளிக்கண்ணி என்று சொல்லலாம், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள சின்னப் பறவை, கூட்டமாக வந்தால் கொடியில் காம்புதான் மிஞ்சும். விரட்டுவதற்காக டாக்டர் ஒரு வல்லூறு வாங்கிவந்து பறக்கவிட, அது திரும்பிப் பார்க்காமல் காட்டுக்குள் போய்விட்டது. அந்த ஓடிப்போன பறவையின் படம்தான் இன்றைக்கும் அவர்கள் லேபிளில் இருக்கிறது. தோட்டத்தின் பெயரிலும் ஒரு கதை: 1801இல் பிரெஞ்சுக் கப்பலிலிருந்து இந்தக் கரையில் அலையில் போன மாலுமி வாஸ். ஃபெலிக்ஸ் என்றால் லத்தீனில் அதிர்ஷ்டசாலி. குருவிப் பிரச்சினைக்கு இன்றும் முழுத் தீர்வு இல்லை, மர்ரி என்கிற காட்டு மரம் நன்றாகப் பூக்கிற வருடத்தில் குருவி தேனுக்குப் போய்விடும், பூக்காத வருடத்தில் தோட்டத்துக்கு வரும். அதனால் விவசாயிகள் தலையைத் தூக்கி அடுத்தவன் மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கபர்னே சாவின்யோன் என்கிற சிவப்பு ஒயினும் ஷார்டனே என்கிற வெள்ளை ஒயினும்தான் இங்கே பேர்போனவை. எந்தத் தோட்டம் சிறந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள், என் நாக்குக்கு அவ்வளவு படிப்பு இல்லை. பழைய பெயர்கள் வேண்டுமென்றால் வாஸ் ஃபெலிக்ஸ், மாஸ் வுட், கேப் மென்டெல், கல்லென், லூவின் எஸ்டேட். இந்த ஐந்தும் 1967க்கும் 1974க்கும் இடையில் வந்தவை. மூன்று இடத்துக்கு மேல் ஒரே நாளில் போகாதீர்கள், நாலாவதில் எல்லாம் ஒரே ருசிதான்.

ஓட்டுபவருக்குச் சட்ட வரம்பு ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதம், புது லைசென்ஸ்காரர்களுக்குப் பூஜ்யம். போலீஸ் எந்த வளைவிலும் நிறுத்தி ஊதச் சொல்வார்கள். "ஒரு மடக்குதானே" என்று ஐந்து மடக்கு மூன்று இடத்தில் சேர்ந்தால் கணக்கு எங்கே போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, குடிக்காத ஒருவர் ஓட்டுவது. அது வழக்கமாக நம் வீடுகளில் மனைவியாகவோ வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையாகவோதான் இருக்கும், நாள் முழுக்க அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு, அங்கேயே கிளம்புகிற அரை நாள் டூர். தங்குமிடத்துக்கே வந்து ஏற்றிக்கொண்டு மாலையில் கொண்டுவந்து விடுவார்கள். காசு கூடத்தான், ஆனாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

குடிக்காதவர்களுக்கு நடுவில் என்ன இருக்கிறது? சாக்லேட் தொழிற்சாலையில் கரண்டி கரண்டியாக இலவசமாக அள்ளித் தின்னலாம், பால் பண்ணைக் கடையில் சீஸ் ருசி பார்க்கலாம், வாயேஜர் எஸ்டேட்டில் தென்னாப்பிரிக்க டச்சு பாணி வெள்ளைக் கட்டடமும் ரோஜாத் தோட்டமும் பார்க்கலாம். கவரமப் என்கிற ஊரில் தெருவெங்கும் நாற்பதுக்கும் மேற்பட்ட ஃபைபர் மாடுகள் நிற்கும், பெயரில் 'கவ்' இருக்கிறதே என்று வைத்த வேடிக்கை. உண்மையில் அந்தப் பெயர் 'கவரா' என்கிற கிளியிலிருந்து வந்தது, மாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதெல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். தோட்ட உணவகங்களில் சைவம் கிடைக்கும், ஆனால் புக் பண்ணும்போதே முட்டையா இல்லையா, மீன் சாஸ் வேண்டாம் என்பதையெல்லாம் உடைத்துச் சொல்லிவிட வேண்டும். ஆகவே நடுவழி நாள் நண்பர்களுக்கு, புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு. மூன்று தலைமுறையாகப் போகிற குடும்பத்துக்கு அது ஒரு தண்டனை.

இப்போது தெற்கு. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்.

மார்கரெட் ரிவரிலிருந்து கேவ்ஸ் ரோட்டில் தெற்கே கால் மணி நேரம் ஓட்டினால் வெளிச்சம் மாறும். இரண்டு பக்கமும் வெளுத்த தண்டோடு, கிளையே இல்லாமல், அறுபது மீட்டர் வரை நெட்டுக்குத்தாக மரங்கள். பொரானப் கர்ரிக் காடு. கர்ரி என்றதும் "கறிவேப்பிலையா?" என்று சித்தி கேட்டார், இது யூகலிப்டஸ் குடும்பம். இதில் ஆச்சரியம் என்னவென்றால் இவ்வளவும் மறுபடி முளைத்த காடு. 1880களிலிருந்து டேவிஸ் என்கிற மர வியாபாரி இதை மொத்தமாக வெட்டிச் சாய்த்து ரயில் போட்டுக் கடற்கரைக்கு இறக்கிக் கப்பலேற்றினார். லண்டன் தெருக்களில் கல்லுக்குப் பதிலாகக் கட்டையாகப் பதித்தார்களே, அதற்கெல்லாம் இந்தப் பக்கத்து மரம் போயிருக்கிறது. வெட்டிவிட்டுப் போன பின் நூறு வருடத்தில் தானாக எழுந்து நிற்பதைத்தான் நாம் அண்ணாந்து பார்க்கிறோம். மெயின் ரோட்டிலேயே போய்விடாதீர்கள், உள்ளே திரும்பும் மண் சாலையில் கொஞ்சம் போய் இன்ஜினை நிறுத்துங்கள்.

அந்த மரங்கள் கப்பலேறிய இடம்தான் ஹேமலின் விரிகுடா. 1882இல் கட்டிய ஜெட்டியில் இப்போது சில தூண்கள் மட்டும் மிச்சம். கப்பல் போனபின் மீன்பிடிப் படகுகள் வந்தன, மீன் கழுவிய கழிவுக்குப் பழகிய திருக்கை மீன்கள் இன்னும் கரையோரமாகவே வந்து போகின்றன. முழங்கால் அளவு தண்ணீரில் சாப்பாட்டு மேஜை அகலத்தில் கறுப்பாக ஒன்று வழுக்கிக்கொண்டு காலருகே வரும். தொடாதீர்கள், தீனி போடாதீர்கள், வாலில் முள் இருக்கிறது. சும்மா நின்றால் அதுவும் சும்மா போய்விடும். காலையில் காற்று எழும்புவதற்கு முன் போனால்தான் தண்ணீர் தெளிவாக இருக்கும். என் பெண்ணுக்கு அப்போது ஆறு வயது, பஸ்ஸல்டன் ரயில், ஐஸ்கிரீம், சாக்லேட் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள், திருக்கையை மட்டும் இன்னும் சொல்கிறாள்.

குகைகள். எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாதீர்கள், மூன்றாவது குகையில் எல்லோருக்கும் கொட்டாவி வரும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஜுவல் குகை பெரியது, மேற்கு ஆஸ்திரேலியாவில் மக்களுக்குத் திறந்திருக்கும் குகைகளிலேயே பெரியது, ஐந்து மீட்டருக்கும் மேல் நீளமான ஸ்ட்ரா மாதிரி மெல்லிய சுண்ணாம்புக் குழாய் ஒன்று கூரையிலிருந்து தொங்குகிறது, யாராவது தும்மினால் உடைந்துவிடுமோ என்று நமக்கே மூச்சு நிற்கும். லேக் குகை சின்னது, உள்ளே எப்போதும் தண்ணீர் இருக்கும், தண்ணீருக்கு மேலே மேஜை மாதிரி ஒரு பாறை, தரையைத் தொடாமல் கூரையிலிருந்தே தொங்கிக்கொண்டு நிற்கிறது, அதன் நிழல் கீழே தண்ணீரில் அசையாமல் கிடக்கும். அழகில் என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் இறங்க முன்னூறுக்கும் மேல் படி, இறங்கியதெல்லாம் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மம்மத் குகை. அங்கே காதில் ஆடியோ மாட்டிக்கொண்டு அவரவர் வேகத்தில் போகலாம், நுழைவுப் பகுதிக்குச் சக்கர நாற்காலிகூடப் போகும். மம்மத் என்ற பெயரைப் பார்த்து யானை எலும்பு தேடாதீர்கள், பெரியது என்ற பொருளில் வைத்த பெயர். இருப்பது, எப்போதோ அழிந்துபோன, காளை மாட்டு அளவு வயிற்றுப்பை விலங்கு ஒன்றின் தாடை, சுவரிலேயே பதிந்திருக்கிறது. வடக்கே யாலிங்கப்பில் இருக்கிற இங்கில்கி குகையும் நல்லதுதான், ஆனால் அதற்காகத் திசை மாற வேண்டாம்.

கடைசியாக அகஸ்டா, அதைத் தாண்டி எட்டு கிலோமீட்டரில் நிலம் முடிகிறது. கேப் லூவின் கலங்கரை விளக்கம் 39 மீட்டர், ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் உயரமானது, உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லில் கட்டி 1896இல் விளக்கேற்றினார்கள். இந்தியப் பெருங்கடலும் தென்பெருங்கடலும் சந்திக்கிற இடம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். கன்னியாகுமரியில் மூன்று நிறம் தெரிகிறதா என்று தேடிப் பழகிய கண்கள் இங்கேயும் கோடு தேடும். கோடெல்லாம் கிடையாது. காற்றுதான் உண்டு, தொப்பியை மறந்துவிடுங்கள். ஆனால் வலது பக்கம் கிடப்பது குமரியில் காலை நனைத்த அதே கடல்தானே என்று பெரியம்மா ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார், அதை நான் எதிர்பார்க்கவில்லை. கிட்டத்தில் ஒரு பழைய நீர்ச்சக்கரம் இருக்கிறது, கலங்கரை விளக்கம் கட்டிய காலத்தில் ஊற்றுத் தண்ணீர் ஏற்ற வைத்தது, அந்தத் தண்ணீரில் இருந்த சுண்ணாம்பே படிந்து படிந்து மரச்சக்கரம் கல்லாகிவிட்டது. இரண்டே நிமிடப் பார்வை, ஆனால் குகையில் கைடு அரைமணி நேரம் விளக்கியது இங்கே ஒரு நொடியில் புரிந்துவிடும்.

தெற்கின் குறையையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு. அகஸ்டா சின்ன ஊர், மதியம் இரண்டு மணிக்கு மேல் சைவத்துக்குச் சிப்ஸும் டோஸ்ட்டும்தான் மிஞ்சும். நாங்கள் காலையிலேயே புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய்விடுவோம். போன் சிக்னலும் காட்டுக்குள் விட்டுவிட்டுத்தான் வரும், மேப்பை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாதத்தைப் பார்த்தும் திசை மாறும். நூங்கார்களுக்கு வருடத்தில் ஆறு பருவம், இரண்டிரண்டு மாதம், நம் கார், கூதிர், முன்பனி கணக்கு மாதிரியே. ஜூன், ஜூலையில் மழை கொட்டும், குளிர் எலும்பைத் தொடும், வடக்கே கடற்கரையில் உங்களுக்கு வேலை இல்லை. ஆனால் அந்த மாதங்களில் திமிங்கிலங்கள் அகஸ்டா பக்கம்தான் இருக்கும், குகைக்குள் மழையும் இல்லை, ஆகவே கண்ணை மூடிக்கொண்டு தெற்கு. செப்டம்பர், அக்டோபரில் திமிங்கிலம் பார்க்க வடக்கு விரிகுடாவுக்குத்தான் போக வேண்டும், காட்டுப் பூக்களும் வரும், அப்போது வடக்குக்கும் தெற்குக்கும் சரிபாதி வாய்ப்பு. டிசம்பர், ஜனவரிப் பள்ளி விடுமுறையில் எல்லா இடமும் கூட்டம், ரூம் விலை இரட்டிப்பு, குழந்தைகளோடு வடக்குக் கடல். பிப்ரவரி, மார்ச் திராட்சை பறிக்கிற காலம், ஒயின்காரர்கள் அப்போது வந்தால் தோட்டத்தில் வேலை நடப்பதையே பார்க்கலாம்.

எந்தத் திசைக்குப் போனாலும் ஒரு எச்சரிக்கை. மேற்குக் கரையில் பாறை விளிம்பில் நின்று போட்டோ எடுக்காதீர்கள், அமைதியாக இருக்கும் கடலிலிருந்து திடீரென்று ஒரு அலை எழும்பி ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். நிழலுக்காகச் சுண்ணாம்புப் பாறைக்கு அடியிலும் உட்கார வேண்டாம். 1996 செப்டம்பரில் கிரேஸ்டவுனில் பள்ளி அலைச்சறுக்குப் போட்டி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மேல் பாறை சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள்.

ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை என்றால் வடக்கு, நாலு நண்பர்கள் என்றால் நடு, மற்ற எல்லோரும் தெற்கு, அதுவும் காலை ஏழரைக்கெல்லாம் கிளம்பி ஹேமலினில் தொடங்கி, அகஸ்டா போய், வரும் வழியில் குகை பார்த்து, மாலை வெயில் சாய்வாக விழும்போது பொரானப் காட்டுக்குள் நுழைகிற மாதிரி. தலைகீழாகப் போனால் திருக்கையும் கிடைக்காது, மரத்தண்டில் அந்தப் பொன் வெளிச்சமும் கிடைக்காது. இரண்டு நாள் இருந்தால் முதல் நாள் தெற்கு, பெர்த் திரும்புகிற நாளில் வழியில் பஸ்ஸல்டன் ஜெட்டி. ஒயினுக்குத் தனியாக நாள் ஒதுக்க வேண்டியதில்லை, ஊரில் கடையில் ஒரு பாட்டில் வாங்கி ரூமில் திறந்தால் ஓட்டுபவரும் சேர்ந்து குடிக்கலாம்.

"நல்ல ரோடு" சொன்ன அந்த மாமா வருகிற ஜூலையில் மறுபடியும் வருகிறார். இந்தத் தடவை அகஸ்டாவில் இரண்டு இரவுக்கு ரூம் போட்டாயிற்று. எங்கே போகிறோம் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை, கம்பளிக் குல்லாய் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.